ரிமோட் படகு சாய்வதும் நனைவதும்: மோட்டாரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளோடு சேர்ந்து கொளத்தூரில் உங்கள் வீட்டு மாடியிலேயே கட்டிய படகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 5 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டிய உடல். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 15, பக்கச் சுவரின் உயரம் 10. வீட்டிலிருந்த யுபிஎஸ் பேட்டரி, அதாவது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈயப் பேட்டரி, அதற்கு ஏற்றாற்போல் 775 என்ற எண் கொண்ட பெரிய அளவு மோட்டார், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். எல்லாம் சேர்ந்து 3 கிலோ 200 கிராம். வீட்டுத் தொட்டியில் நன்றாக மிதந்தது. குளத்தில் விட்டதும் இடப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது, ஐந்தாறு நிமிடத்தில் ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் நின்றுவிட்டது. கரைக்கு இழுத்துத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு டம்ளர் தண்ணீர். இன்னும் வலுவான மோட்டார் போட்டால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி.

ஆகாது, இன்னும் மோசமாகும். சாய்வு, திரும்பல், கசிவு, ரிமோட் தொடர்பு அறுந்துபோனது ஆகிய நான்கையும் நீங்கள் தனித்தனிக் குறைகளாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கிலும் பெரும்பங்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அந்தப் பேட்டரியின் எடை. படகு கட்டுகிறவர் முதலில் வாங்க வேண்டிய கருவி தராசு என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மிதப்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு கன சென்டிமீட்டர் நன்னீரின் எடை ஒரு கிராம். 60-க்கு 15 என்பது 900 சதுர சென்டிமீட்டர். ஆனால் முன்பக்கம், அதாவது அணியம், கூர்மையாகக் குறுகுவதால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 675 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் படகு ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழும்போதும் 675 கிராமைத் தாங்குகிறது. 3,200-ஐ 675-ஆல் வகுத்தால் 4.7 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் சுவரில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே அமிழ்கிறது என்பதால் தொட்டியில் பார்த்தபோது உங்களுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

மிதப்பது ஒன்று, நிமிர்ந்து நிற்பது வேறொன்று. தை மாதத்தில் மயிலாப்பூர்க் குளத்தில் தெப்பம் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை உயரமான அலங்காரமும் அத்தனை ஆட்களும் ஏறியும் அது சாயாமல் வருவதற்குக் காரணம், கீழே இருக்கும் மேடையின் அகலம். படகு சாயும்போது அதை மீண்டும் நிமிர்த்தும் ஆற்றல் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த ஆற்றலுக்கு அடிப்படையான எண் எட்டு மடங்காகும். கணக்கு எளிது. நீளத்தை அகலத்தின் மும்மடியால் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும்; கூர்மையான முனைக்காக 0.7-ஆல் பெருக்க வேண்டும். வந்ததைப் படகு ஒதுக்கும் நீரின் கன அளவால் வகுக்க வேண்டும். உங்கள் படகுக்கு முதல் எண் சுமார் 11,800. அதை 3,200-ஆல் வகுத்தால் 3.7 சென்டிமீட்டர். இதனோடு அமிழ்ந்த ஆழத்தில் பாதியைக் கூட்டினால் அடிப்பலகையிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரம் வருகிறது. படகின் எடை மையம் இந்த உயரத்துக்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும், எட்டினால் கவிழும். உங்கள் பேட்டரி நிமிர்ந்து நிற்கும்போது ஒன்பதரை சென்டிமீட்டர் உயரம் கொண்டது, படகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அதுவே. அதை ஒரு கட்டையின்மேல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மொத்த எடை மையம் அடிப்பலகையிலிருந்து 5 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கையிருப்பு ஒரு சென்டிமீட்டர்தான்.

இப்போது அந்தப் பேட்டரிக்குப் பதிலாக மூன்று செல் லித்தியம் பேட்டரி ஒன்றை, 2,200 மில்லி ஆம்பியர் மணி அளவில், வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏறத்தாழ 200 கிராம். படகின் மொத்த எடை 1 கிலோ 300 கிராமாக இறங்குகிறது, அமிழ்வது 1.9 சென்டிமீட்டராகக் குறைகிறது. முன்பு 6 சென்டிமீட்டராக இருந்த அந்த எல்லை 10 சென்டிமீட்டருக்கு உயர்கிறது. அதே உடல், அதே அகலம். ஃபோம் ஷீட்டில் ஒரு வெட்டுகூட மாற்றாமல் படகு வேறு படகாகிவிடுகிறது.

இடப்பக்கச் சாய்வுக்கு வருகிறேன். பின்னாலிருந்து பார்க்கும்போது உங்கள் புரொப்பல்லர் கடிகார முள் திசையில் சுழல்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது வலப்பக்கமாகச் சுழலும்போது அதே அளவு முறுக்கு படகின் உடலை எதிர்த்திசையில் தள்ளுகிறது. ஆகவே இடப்பக்கம் அமிழ்கிறது. ஒற்றைப் புரொப்பல்லர் உள்ள எந்தப் படகுக்கும் இது பொது. அதோடு, அப்படிச் சுழலும் புரொப்பல்லர் படகின் பின்பக்கத்தைச் சற்று வலப்பக்கமாக நடத்திச் செல்லும். பின்பக்கம் வலம் போனால் முன்பக்கம் இடம் திரும்பும். நிமிர்த்தும் ஆற்றல் போதிய அளவு உள்ள படகில் இவை கண்ணுக்கே தெரியாது, சுக்கானை ரிமோட்டின் டிரிம் பொத்தானால் ஓரிரு பாகை வலப்பக்கம் நகர்த்தினால் தீர்ந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் கையிருப்பில் ஓடும் படகில் இதுவே பெருங்குறையாகத் தெரிகிறது. இன்னும் வலுவான மோட்டார் என்றால் இன்னும் வலுவான எதிர்முறுக்கு. வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னது அதனால்தான்.

கசிவுக்கும் வேர் அதே எடைதான். புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு, அதாவது ஷாஃப்ட், செல்லும் பித்தளைக் குழாயின் உள்முனை அடிப்பலகையிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே தண்ணீர் மட்டம் 4.7 சென்டிமீட்டரில் நிற்கிறது. அப்படியானால் அந்தக் குழாயின் வாய், வெளி நீர்மட்டத்துக்கு 1.7 சென்டிமீட்டர் கீழே திறந்திருக்கிறது. எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும், படகு நீரில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் அந்த 1.7 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் சுழன்று கிரீஸ் சற்று இளகியதும் வழி கிடைத்துவிடும். படகு கட்டுகிறவர்கள் மறக்கவே கூடாத விதி, குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது. எடை குறைந்து படகு 1.9 சென்டிமீட்டர் மட்டும் அமிழ்ந்தால், குழாயை அசைக்காமலேயே அதன் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிடும். அதன்பின் கிரீஸின் வேலை, சுழற்சியால் மேலேறும் சிறிதளவு நீரைத் தடுப்பது மட்டுமே. அதை அது செய்யும்.

உள்ளே புகுந்த இரண்டு டம்ளர் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாய்வுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தடுப்பில்லாத தட்டையான அடியில் நீர் தேங்கும்போது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேரும். அகலமான பரப்பில் அசையும் நீர், படகின் அகலத்தால் கிடைத்த நிமிர்த்தும் ஆற்றலை ஏறத்தாழ அப்படியே விழுங்கிவிடும். பெரிய கப்பல்களிலும் ஃபெரிகளிலும் இது உயிரைக் குடிக்கும் ஆபத்தாகக் கருதப்படுகிறது. அடிப்பலகையின் நடுவில் நீள்வாக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு ஃபோம் ஷீட் தடுப்பை ஒட்டிவிடுங்கள். நீர் இரு பாதியாகப் பிரிந்தால் இந்தக் கேடு நான்கில் ஒரு பங்காகக் குறையும். செலவு ஒன்றும் இல்லை.

ரிமோட் தொடர்பு அறுந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ரிமோட்டின் அலையைப் படகில் வாங்கும் ரிசீவர் நனைந்திருக்கலாம், நனைவதற்கு முன்பே தொடர்பு தளர்ந்தும் இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். நீங்கள் ரிசீவரை அடிப்பலகையிலேயே இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருக்கிறீர்கள். படகு 4.7 சென்டிமீட்டர் அமிழும்போது ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்குக் கீழே, நாற்புறமும் நீர் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. ஆன்டெனா கம்பியின் நுனியில் உறை நீங்கிய மூன்று சென்டிமீட்டர் துண்டுதான் வேலை செய்யும் பகுதி. அதை ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலில் நுழைத்து மேல்தளத்துக்கு மேலே செங்குத்தாக நிறுத்துங்கள். ரிசீவரைச் சுவரின் மேல்விளிம்புக்கு அருகில் ஒட்டுங்கள். மோட்டாரிலிருந்து வரும் மின் இரைச்சலும் தொல்லை தரும். 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர்கள் மூன்றை வாங்கி, ஒன்றை மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கும் பற்றவையுங்கள். இந்த அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு இந்தியாவில் 2005 முதல் உரிமம் தேவையில்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

பேட்டரி வாங்க, மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போவீர்கள். அங்கே 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்களில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்றெல்லாம் அச்சிட்டு விற்பார்கள். அந்த அளவுள்ள செல்லில் நல்ல தயாரிப்புகளே 3,500-ஐ ஒட்டித்தான் தருகின்றன. அதைவிட மிகப் பெரிய எண்ணை அச்சிட்ட செல்லை எடுக்காதீர்கள். தனிச் செல்களை நீங்களே பற்றவைக்க வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் சமமாகச் சார்ஜ் செய்ய உதவும் பேலன்ஸ் இணைப்புள்ள, கட்டி முடித்த மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியையும் அதற்குரிய சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3.2-க்குக் கீழே இறங்கக்கூடாது. சார்ஜ் செய்யும்போது மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வையுங்கள், அந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள். பேட்டரியின் நேர்முனைக் கம்பியில் ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்று பயன்படுத்துவது பெருந்தவறு. மே மாத வெயிலில் மூடிய படகின் உட்புறம் அடுப்படிபோல் சூடாகும். ஓட்டம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி நிழலில் வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள மகளிடம் சொல்லுங்கள்.

மோட்டாரைப் பற்றியும் ஒரு சொல். 60 சென்டிமீட்டர் படகு நீரைப் பிளந்து செல்லும்போது தன் நீளத்துக்கு ஏற்ற அலையைத் தானே எழுப்புகிறது. மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் அந்த அலையின் வேகம் கிடைக்கும். உங்கள் படகுக்கு நொடிக்கு 0.97 மீட்டர், மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், அதாவது நடந்துபோகும் வேகம். அதற்குமேல் போக முயன்றால் படகு தன் அலையின் முதுகில் தானே ஏற வேண்டியிருக்கும். திறன் மளமளவென்று செலவாகும், வேகம் ஏறாது. தட்டையான அடியும் மிகக் குறைந்த எடையும் உள்ள பந்தயப் படகுகள் நீரின்மேல் எழும்பிச் சறுக்குவதால் இந்த எல்லையைத் தாண்டுகின்றன. உங்கள் படகு அந்த வகை அல்ல. ஆகவே 775-ஐ எடுத்துவிட்டு 380 அல்லது 540 அளவு மோட்டாரைப் போட்டாலும் வேகத்தில் இழப்பு தெரியாது. எடை இன்னும் குறையும். 775-தான் கையில் இருக்கிறது என்றால் முழு வேகத்துக்குப் போகாதபடி ரிமோட்டிலேயே எல்லை வைத்துவிடலாம்.

இந்த அலைக் கணக்கை மாதிரிப் படகுகளை நீரில் இழுத்துப் பார்த்துத் தெளிவாக்கியவர் பொறியாளர் வில்லியம் ஃபுரூட். இங்கிலாந்தின் டார்க்கே நகரில் 1870-களின் தொடக்கத்தில் அதற்கென்றே ஒரு நீண்ட தொட்டியைக் கட்டினார். நம் சென்னையிலேயே ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் அத்தகைய இழுவைத் தொட்டி ஒன்று இருக்கிறது. உங்கள் மகள் அறிவியல் கண்காட்சிக்கு இந்தப் படகைக் கொண்டுபோவதாக இருந்தால், ரிமோட்டைவிட இந்த இழுவைச் சோதனையே நடுவர்களைக் கவரும் என்பது என் எண்ணம். நீளமான பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு விளிம்பில் ஆணியடித்த கட்டையொன்றைக் கட்டி அதில் காலியான நூற்கண்டு ஒன்றைக் கப்பிபோலப் பொருத்துங்கள். படகின் அணியத்தில் கட்டிய நூலை அதன்மேல் போட்டு, மறுமுனையில் 20 கிராம் எடையைத் தொங்கவிட்டு, ஒரு மீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கட்டும். பிறகு 40 கிராம், 60 கிராம். இதையே படகு 3,200 கிராம் இருக்கும்போதும் 1,300 கிராம் இருக்கும்போதும் செய்து இரண்டு வரைபடங்களை ஒரே தாளில் வரைந்தால், மேலே நான் எழுதியதெல்லாம் அவள் கையாலேயே கண்டறிந்ததாக ஆகிவிடும். ரிமோட் படகின் வரலாறு கேட்டால் 1898-ஐச் சொல்லலாம்: அந்த ஆண்டில்தான் நிகோலா டெஸ்லா நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வானொலி அலையால் இயங்கும் சிறு படகை மக்கள்முன் ஓட்டிக் காட்டினார், அதற்கான அமெரிக்கக் காப்புரிமையின் எண் 613,809.

இனி சோதனைக்கு வருவோம். உங்கள் படகு தொட்டியில் தேறி குளத்தில் தவறியதற்குக் காரணம், தொட்டியில் மோட்டாரை ஓட்டாமல் ஓரிரு நிமிடம் மிதக்கவிட்டு எடுத்துவிட்டீர்கள் என்பதே. குளத்தில் வெளிப்பட்ட குறைகள் அத்தனையும் தொட்டியிலேயே தெரிந்திருக்கக்கூடியவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். ஒன்று தேறாமல் அடுத்ததற்குப் போகக்கூடாது.

முதல் சோதனைக்குத் தொட்டிகூடத் தேவையில்லை. மோட்டாரும் மின்சாமான்களும் இல்லாத வெற்று உடலைச் செய்தித்தாளின்மேல் இரண்டு கட்டைகளில் நிறுத்தி, ஷாஃப்ட் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கசியும் இடத்துக்கு நேர் கீழே தாள் நனைந்து கருக்கும். இதில் தேறிய பிறகு உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஒட்டுகளின் ஓரமாகவும் ஷாஃப்ட் குழாயைச் சுற்றியும் காய்ந்த கோலமாவை மெல்லிய கோடாக இழுங்கள். படகைத் தொட்டியில் இறக்கி மோட்டாரை நிதானமாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நீர் நுழையும் இடம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அங்கே வெள்ளைக் கோடு முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு கட்டியாகும். என் படகொன்றில் மூன்று வாரம் தேடியும் அகப்படாத கசிவு இப்படித்தான் அகப்பட்டது. குழாயில் கசிவு இல்லை. சுக்கான் கம்பி இறங்கும் துளையின் பின்விளிம்பில், எறும்பு நுழையும் அளவு இடைவெளி. படகு நிற்கும்போது அது நீருக்கு மேலே இருந்தது. ஓடும்போது பின்பக்கம் சற்றுத் தாழ்வதால் மட்டும் நீருக்குள் போனது. நிற்கும் படகைப் பார்த்து அதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கசிவை அடைக்க அரால்டைட் போன்ற எபாக்சி நல்லது. ஃபெவிக்விக் மட்டும் போட்ட ஒட்டு அதிர்வில் விரிசல் விடும். சிலிகான் பூச்சை உட்புறத்தில் தவிர்த்துவிடுங்கள். காடி வாசம் வரும் வகை அமிலத்தை வெளியிட்டு மின்சுற்றின் செம்பை அரிக்கும். அதன்மேல் பெயின்ட்டும் பிடிக்காது.

அடுத்தது எடைச் சோதனை. மின்சாமான்களைப் பொருத்துவதற்கு முன், அவற்றின் எடைக்குச் சமமாக அரிசிப் பொட்டலங்களைக் கட்டி, அவை வரவேண்டிய இடங்களில் வைத்துப் படகை மிதக்கவிடுங்கள். முன்னும் பின்னும் இடமும் வலமும் சமமாக அமிழும்வரை பொட்டலங்களை நகர்த்தி, பிறகு நீர்க்கோட்டைப் பென்சிலால் குறித்து, பொட்டலம் இருந்த இடத்தில் பேட்டரிக்குக் கூடு கட்டுங்கள். பேட்டரியை வெல்க்ரோ பட்டையால் பிணையுங்கள். அது இரண்டு விரற்கடை நகர்ந்தாலே போதும், சமநிலை போய்விடும். பிறகு ஒரு பக்க விளிம்பை விரலால் இரண்டு சென்டிமீட்டர் அழுத்திவிட்டுப் பாருங்கள். படகு சட்டென்று நிமிர்ந்து இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கினால் நன்று. யோசித்து யோசித்து மெல்ல எழுந்தால் எடை மையம் இன்னும் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். புதிய பேட்டரியுடன் படகு மிக இலேசாகி, புரொப்பல்லர் காற்றை உறிஞ்சிச் சலசலத்தால், 200 கிராம் அளவு தட்டையான இரும்புப் பட்டையை அடிப்பலகையோடு ஒட்டிவிடலாம். அடியில் கிடக்கும் எடை தீங்கு செய்யாது.

இழுவிசைக்கு, படகின் பின்பக்கத்தை மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசில் கட்டி மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். கூடவே நேர்மின்னோட்டத்தை (டிசி) அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தையும் அளவிடுங்கள். 58 சென்டிமீட்டர் நீளமுள்ள என் படகில் மோட்டார் காற்றில் 1.1 ஆம்பியர் எடுத்தது, நீரில் கட்டிவைத்து முழு வேகத்தில் 6 ஆம்பியர் எடுத்தது. தராசு 650 கிராம் காட்டியது. காற்றில் சுழற்றிப் பார்த்துவிட்டு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரின் அளவைத் தீர்மானிக்கக்கூடாது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று. 2.2 ஆம்பியர் மணிப் பேட்டரியை 6-ஆல் வகுத்தால் 22 நிமிடம். ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்திக்கொள்வதானால் 17 நிமிடம். கடிகாரத்தில் 15 நிமிடம் வைத்துக்கொண்டு, மணி அடித்தால் கரைக்குத் திரும்ப வேண்டும்.

ரிமோட்டில் கட்டாயம் சோதிக்க வேண்டியது ஒன்று. படகைக் கட்டையின்மேல் வைத்து மோட்டாரை மெதுவாக ஓட்டியபடியே ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால், தொடர்பு அறுந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஃபெயில்சேஃப் சரியாக அமைக்கப்படவில்லை. அந்த நிலையில் படகைத் திறந்த நீரில் விடாதீர்கள். எப்போதும் ரிமோட்டை முதலில் போட்டுப் படகைப் பிறகு போடுங்கள். அணைக்கும்போது படகை முதலில் அணையுங்கள்.

நம் கடற்கரையில் பிறந்த கட்டுமரம் மூழ்குவதில்லை. கட்டைகளுக்கு இடையே நீர் வந்து போகும், கட்டையே மிதவை. உங்கள் படகுக்கும் அந்தப் பாதுகாப்பைக் கொடுங்கள். ஒரு லிட்டர் கன அளவுள்ள தெர்மாகோல் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். ஒன்றரை லிட்டர் அளவுத் துண்டுகளை அணியத்திலும் பின்பக்க ஓரங்களிலும் மேல்தளத்துக்கு அடியிலும் அடைத்துவிட்டால், உள்ளே முழுவதும் நீர் நிறைந்தாலும் படகு கண்ணுக்குத் தெரியும்படி மிதக்கும். அதை ஃபெவிகாலாலோ எபாக்சியாலோ ஒட்டுங்கள். கரைப்பான் கலந்த ரப்பர் பசையும், ஃபைபர் படகுக்கு ஊற்றும் பாலியஸ்டர் ரெசினும் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

இவை அனைத்தும் தேறிய பிறகு திறந்த நீர். அடுக்குமாடி நீச்சல் குளம் கிடைத்தால் அதுவே முதல் இடம். சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா போன்ற பொது இடங்களிலும், கோயில் குளங்களிலும் பொறுப்பாளரிடம் கேட்டு அனுமதி பெற்றே இறக்க வேண்டும். முட்டுக்காடு பக்கம் போனால் உப்புநீர் என்பதை மறவாதீர்கள். திரும்பியதும் நன்னீரில் கழுவாவிட்டால் ஷாஃப்ட்டும் மோட்டாரும் சில நாட்களில் துருப்பிடிக்கும். ஆகாயத்தாமரை படர்ந்த நீரும், மீன் பிடிக்கிறவர்கள் அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பு கிடக்கும் கரையும் புரொப்பல்லருக்குப் பகை. காலை ஆறரை மணியிலிருந்து எட்டரைக்குள் முடித்துக்கொள்வது நல்லது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்தால் இலேசான படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். முதலில் ஒரு காய்ந்த இலையை நீரில் போட்டு அது எந்தக் கரைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் கரையில் நின்று ஓட்டுங்கள். மோட்டார் நின்றுபோனாலும் காற்றே படகை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும்.

படகை மீட்க யாரும் நீரில் இறங்கக்கூடாது. இதை நான் வேண்டுகோளாகவே எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏரியொன்றில் என் படகு கரையிலிருந்து முப்பது அடி தொலைவில் நின்றுவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பையன், நான் எடுத்துத் தருகிறேன் அங்கிள் என்று சட்டையைக் கழற்றி இடுப்பளவு நீருக்குள் போய்விட்டான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் நின்ற இடத்திலிருந்து இரண்டு அடியில் மண் எடுத்த பள்ளம் இருப்பதை, பிறகு அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் காட்டினார். அன்று முதல், 40 மீட்டர் நைலான் கயிற்றின் முனையில் கட்டிய டென்னிஸ் பந்து என் பையில் இல்லாமல் நான் படகை எடுத்துச் செல்வதில்லை. பந்தைப் படகுக்கு அப்பால் எறிந்து, கயிறு படகின்மேல் படியும்படி மெதுவாக இழுத்தால், சுக்கானிலோ ஆன்டெனாவிலோ சிக்கி வந்துவிடும். நாலைந்து முறை எறிந்தும் வராவிட்டால் காற்றுக்காகக் காத்திருங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் படகு போகட்டும்.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பேட்டரியை மாற்றி, ரிசீவரை மேலே ஏற்றி, நடுத்தடுப்பை ஒட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மீதி நாட்களைத் தொட்டிச் சோதனைகளுக்கு ஒதுக்குங்கள். அளவுகளை மகளே ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மேல்மூடியைத் திறந்தே வைத்து இரவு முழுவதும் காயவிடுங்கள், வாரம் ஒருமுறை ஷாஃப்ட்டை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது பூசுங்கள்.